வட்ஸ்அப்பில் கால் புண் பார்ப்பது: ஒரு தாதியின் அனுபவம்

2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது தொடங்கியது. வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரையிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு மருந்து கட்ட வருகிறவர்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓட எண்ணெய் இல்லை. "படம் எடுத்து அனுப்புங்க, பார்த்துச் சொல்றன்" என்று என் சொந்த நம்பரைக் கொடுத்தேன். எண்ணெய் வந்த பிறகும் படங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் சீனி வருத்தக்காரரின் கால் புண்கள்.

பயன் இருக்கிறது, சந்தேகமே இல்லை. மார்கழி மழையில் ரோட்டில் வெள்ளம் நிற்கும்போது, புண் காலோடு ஒருவர் சேற்றில் இறங்காமல் இருப்பதே பெரிய விஷயம்.

ஆனால் போன் நோயாளியின் கையில் இல்லை. மகள் வெளிநாட்டில், வீட்டில் அம்மம்மாவும் பேரனும். பேரன் டியூஷன் முடிந்து வந்த பிறகுதான் படம் வரும். மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் புண்ணைச் சுற்றியுள்ள சிவப்புத் தெரியவே தெரியாது.

ஒரு அம்மாவின் படத்தில் புண் முழுக்க மஞ்சளாக இருந்தது. சீழா, அரைத்த மஞ்சளா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. வீடியோ கோல் எடுத்தால் முகம் உறைந்து நிற்கிறது, சிக்னல் இல்லை. குரல் பதிவில் "நோவே இல்ல மிஸி, மறுகா என்னத்துக்கு வாற?" என்றார். நரம்பு மரத்த காலில் நோவு தெரியாது, அதனால் அந்தப் பதில்தான் எனக்குப் பயம். அடுத்த நாள் வரச் சொல்லிப் பார்த்தேன். மேலே இருந்தது மஞ்சள்தான். படத்தில் வராத இரண்டு விரல் இடுக்கில் சீழ். கட்டை அவிழ்த்ததும் மணத்தது. மணத்தைப் போன் கொண்டு வராதே!

அப்புறம் கேட்கும் முறையை மாற்றினேன். காலை வெளிச்சத்தில், எதுவும் பூச முதல், கால் அடியும் விரல் இடுக்கும் தெரிய, பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாக் குத்தி வைத்து எடுக்க வேண்டும். குத்தி இருந்தால் புண் வளர்கிறதா சுருங்குகிறதா என்று போன கிழமைப் படத்தோடு ஒப்பிடலாம். எழுதி அனுப்பினால் வாசிக்க ஆள் வேண்டும், அதனால் நானும் குரல் பதிவுதான் போடுகிறேன். மணம், காய்ச்சல், கறுப்பு, இந்த மூன்றில் ஒன்று இருந்தால் படமே வேண்டாம், நேரே வாருங்கள். இரவென்றால் 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு எடுங்கள், என் மெசேஜுக்குக் காத்திருக்க வேண்டாம்.

இன்னும் தீராதது ஒன்று. நான் போனில் சொன்னது கிளினிக் கொப்பியில் ஏறுவதில்லை. அடுத்த முறை பார்க்கும் டொக்டருக்கு அது தெரியாது. அந்தப் படங்களும் என் பிள்ளைகளின் படங்களோடு ஒரே போனில் கிடக்கின்றன. இதற்கென்று ஒரு போனும் கடமை நேரத்தில் ஒரு மணித்தியாலமும் கேட்டோம், இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை திகதி போட்டு ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வைக்கிறேன், கிளினிக் நாளில் அதைக் கையோடு கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுகிறேன்.