வேலூர் வெயிலில் எந்த ஹெல்மெட்?

மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது முழுமுக ஹெல்மெட்டைக் கையில் எடுக்கவே மனம் வராது. காட்பாடிக்குப் போய்வர அரை ஹெல்மெட் போதும் என்றுதான் நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். காற்று வரும், எடை குறைவு, விலையும் குறைவு. அதன் நன்மைகள் அவ்வளவுதான்.

விழுகிறவனுக்கு உச்சந்தலையில் மட்டும் அடிபடுவதில்லை. கிரீன் சர்க்கிள் அருகே நெடுஞ்சாலையில், லாரிகளுக்கு நடுவே சறுக்கிக் குப்புற விழுந்தால் முதலில் தரையில் மோதுவது தாடையாக இருக்கலாம். அந்த அடி மண்டையோட்டின் அடிப்பகுதி வரை பாய்ந்து எலும்பை உடைக்கக்கூடும், உயிருக்கே ஆபத்து. அரை ஹெல்மெட்டில் அங்கே காப்பே கிடையாது. முழுமுக ஹெல்மெட்டின் தாடைக்காப்பு அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. வியர்வைதான் தயக்கம் என்றால், காற்றுத் துளைகளும் கழற்றித் துவைக்கும் உள்துணியும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

எதுவானாலும் ஹெல்மெட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 4151-க்குரிய ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும். வாரைப் பூட்டாவிட்டால் இரண்டுமே முதல் மோதலில் கழன்றுவிடும். பின்னால் உட்காரும் என் மனைவிக்கும் முழுமுக ஹெல்மெட்டையே வாங்கினேன்.