ஒமேகா கான்ஸ்டலேஷனா, பெல்லட்டன் ஐடபிள்யூசியா?

1950, 60களின் ஆட்டோமேட்டிக், அதாவது கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும் கைக்கடிகாரங்களில் எதைத் தேடிப் போவது என்று கேட்டால் எனக்கு இரண்டு பெயர்கள்தான் வாயில் வரும். ஒன்று ஒமேகா கான்ஸ்டலேஷன், இன்னொன்று சுவிஸ் நிறுவனமான ஐடபிள்யூசியின் காலிபர் 85 வரிசை. காலிபர் என்றால் உள்ளே இருக்கும் மெஷினின் மாடல் எண். ரோலக்ஸ் டேட்ஜஸ்ட்டும் அருமையான கடிகாரம்தான். ஆனால் பெயருக்காகவே விலை ஏறிப்போகிறது. பலமுறை பாலிஷ் போட்டு விளிம்புகள் மழுங்கியவையே அதிகம் கண்ணில் படுகின்றன.

முதலில் மெஷின். 1952இல் வந்த கான்ஸ்டலேஷனின் ஆரம்பகால காலிபர் 354இல், கை அசையும்போது ஆடிச் சாவி ஏற்றும் எடை முழுவட்டம் சுற்றாது. இருபுறமும் உள்ள ஸ்பிரிங்கில் முட்டி முட்டித் திரும்பும். அந்த முட்டல் மணிக்கட்டில் தெரியும். கேட்கச் சுகமாக இருக்கும், ஆனால் ஒரு திசையில்தான் சாவி ஏறும். பிறகு வந்த காலிபர் 501இல் ரோட்டர், அதாவது அந்த எடை, முழுதாகச் சுற்றத் தொடங்கியது. தேதி இல்லாத 551, தேதியுள்ள 561 இரண்டையும் தினமும் கட்டிக்கொண்டு போகலாம்.

ஐடபிள்யூசி வேறு வழியில் போனது. அதன் தொழில்நுட்பத் தலைவர் ஆல்பர்ட் பெல்லட்டன் 1946இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு அது. ரோட்டரோடு இதய வடிவத் தகடு ஒன்று சுழலும். அது ஒரு நெம்புகோலை இப்படியும் அப்படியும் ஆட்ட, இரண்டு கொக்கிகள் மாறி மாறிச் சக்கரத்தை இழுக்கும். கை எந்தப் பக்கம் அசைந்தாலும் சாவி ஏறும். பின்மூடியைத் திறந்து இதைப் பார்த்த நாளில் நான் ஐடபிள்யூசி பக்கம் சாய்ந்துவிட்டேன். ஒரே பலவீனம், எண்ணெய் வற்றிய பிறகும் ஓடிக்கொண்டே இருந்தால் கொக்கிகளும் அவை இழுக்கும் சக்கரமும் தேய்ந்துவிடும். மாற்றுப் பாகம் ஒமேகாவுக்குக் கிடைப்பதுபோல் எளிதில் கிடைக்காது.

சரி, டயலுக்கு வருவோம். பணம் போவதும் ஏமாறுவதும் இங்கேதான். கான்ஸ்டலேஷனின் 'பை-பேன்' டயல் கவிழ்த்த தட்டுப்போல நடுவில் மேடாகி, பன்னிரண்டு பட்டையாக ஓரத்தில் சரியும். அந்த மடிப்புகள் கூர்மையாக இருக்க வேண்டும். மறுபூச்சு கண்டால் மடிப்பு மழுங்கியிருக்கும், எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் மணிக்குறியோடு நேர்கோட்டில் நிற்காது. என் முதல் கான்ஸ்டலேஷன் பளபளவென்று புதிதுபோல இருந்தது. அதில்தான் மயங்கினேன். வீட்டுக்கு வந்து உருப்பெருக்கியில் பார்த்தபோது 'சுவிஸ்' என்ற எழுத்தே கோணலாக இருந்தது. அன்றிலிருந்து லேசாக மஞ்சளடித்த, தொடப்படாத டயலையே தேடுகிறேன். ஐடபிள்யூசி டயல்கள் எளிமையானவை, அதனாலேயே மறுபூச்சைப் பிடிப்பது இன்னும் கடினம். எழுத்தின் நுனிகளைத்தான் பார்க்க வேண்டும்.

பின்மூடியில் வானாய்வுக்கூடமும் எட்டு நட்சத்திரங்களும் பொறித்த கான்ஸ்டலேஷன் பதக்கம் கண்ணுக்கு விருந்து. அது தேய்ந்திருந்தால் கேஸும் பாலிஷ் கண்டிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கடிகாரம் என்றால் ஸ்டீல் கேஸில் 551 மெஷின் உள்ள கான்ஸ்டலேஷன் வாங்குங்கள். பெல்லட்டன் மெஷினைப் பிரித்துக் கோத்த அனுபவமுள்ள மெக்கானிக் கிடைத்த பிறகு ஐடபிள்யூசி பக்கம் வாருங்கள். நான் இன்று தினமும் கட்டுவது அதைத்தான்.