அல்பட்ரோஸ் பி.2-ஆ, சி.1-ஆ?

முதல் உலகப் போரில் ஜெர்மனி பறக்கவிட்ட இந்த இரண்டு இரட்டை இறக்கை விமானங்களும் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி. உண்மையான வித்தியாசம் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதில்தான்.

1914-இல் வந்த பி.2-இல் வேவு பார்ப்பவர் முன்னால், விமானி பின்னால். முன்னவரின் தலைக்கு மேல் ஓர் இறக்கை, காலடியில் இன்னோர் இறக்கை, இரு பக்கமும் கம்பிகள், எதிரே சுழலும் விசிறி. துப்பாக்கியைக் கையில் கொடுத்தாலும் எந்தப் பக்கம் சுடுவார், பாவம்?

1915-இல் வந்த சி.1 இருவரையும் இடம் மாற்றியது. வேவு பார்ப்பவர் பின்னிருக்கைக்குப் போனார். அவரைச் சுற்றி ஒரு வளையம், அதில் எப்பக்கமும் திரும்பும் பாரபெல்லம் இயந்திரத் துப்பாக்கி. 100, 120 குதிரைத்திறன் எஞ்சின்களின் இடத்தில் 150, 160 வந்தன.

போர்முனைக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், சி.1-தான். ஆனால் பறக்கக் கற்றுக்கொள்ள நான் பி.2-ஐத்தான் சொல்வேன். சாதுவான விமானம், முன்வரிசையிலிருந்து விலக்கிய பிறகும் பயிற்சிப் பள்ளிகள் அதை விடவில்லை. ஸ்வீடனில் அதைப் பார்த்துச் செய்தவை 1930-கள் வரை பறந்தன.