ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு நீச்சலா, சர்ஃபிங்கா, கயாக்கா?

நீச்சல், பலகையில் நின்று அலைமேல் சறுக்கும் சர்ஃபிங், சின்னத் துடுப்புப் படகான கயாக் என மூன்றையும் யோசித்துவிட்டு எங்கள் மகனை நீச்சலில்தான் சேர்த்தோம். யார் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வேன்.

உடற்பயிற்சியும் உற்சாகமும் மூன்றிலுமே கிடைக்கும், அதை விடுங்கள். சர்ஃபிங்கின் ஈர்ப்பு எனக்குப் புரிகிறது. ஆட்டிசம் உள்ள தன் மகன் அலையில் அமைதியாவதைப் பார்த்துத்தான் இஸி பாஸ்கோவிட்ஸ் 1996இல் கலிஃபோர்னியாவில் சர்ஃபர்ஸ் ஹீலிங் முகாம்களைத் தொடங்கினார். ஆனால் இப்படிப்பட்ட முகாம் பெரும்பாலும் ஒரு நாளோடு முடிந்துவிடும். கயாக்கில் எங்கள் அனுபவம் குறைவு. லைஃப் ஜாக்கெட்டின் பட்டை உறுத்தினால் சில பிள்ளைகள் படகில் ஏறவே மாட்டார்கள் என்பதை மட்டும் பார்த்திருக்கிறேன்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை தனியாகத் தண்ணீரில் விழுந்தால் என்ன ஆகும்? ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் நம் கண் தப்பி வெளியே போய்விடுவார்கள். 2012இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களில் 49 சதவீதம் பேர் ஒரு முறையாவது அப்படிப் போக முயன்றதாகப் பெற்றோர் சொல்லியிருந்தார்கள். போகிற பிள்ளைகளில் பலரைத் தண்ணீர் இழுக்கும். பெரியவர் பிடித்துக்கொள்ள, லைஃப் ஜாக்கெட்டோடு அலையில் வந்த பிள்ளைக்குத் தண்ணீர் பிடித்துப்போகும், ஆனால் தனியாக விழுந்தால் என்ன செய்வது என்று தெரியாது. அதனால் பயிற்சியாளரிடம் கையடி, காலடி எல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் புரண்டு முதுகில் மிதக்கவும் நீச்சல் குளத்தின் சுவர் பக்கம் திரும்பிப் பிடித்து ஏறவும் சொல்லிக்கொடுங்கள் என்று கேளுங்கள். 1949இல் லண்டனில் ஜேம்ஸ் மெக்மில்லன் உருவாக்கிய ஹாலிவிக் என்ற நீச்சல் பயிற்சி முறையும் மிதவை எதுவும் கட்டாமல், ஒருவருக்கு ஒரு பயிற்சியாளர் என்று, மூச்சையும் புரளுவதையும்தான் முதலில் பழக்குகிறது. இது வந்ததும் உடுப்போடும் பழக்குங்கள், ஈரத்துணி உடம்பில் ஒட்டினாலே பதறிப்போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இவ்வளவும் கற்ற பிறகும் கண்ணை எடுக்கக் கூடாது.

கழுத்தளவு தண்ணீர் உடம்பைச் சுற்றிலும் அழுத்துவது பல பிள்ளைகளை அமைதியாக்குகிறது. என் மகனிடம் அது நன்றாகவே தெரிகிறது, ஆனால் இதைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, எல்லாருக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்ல மாட்டேன். குளத்திலும் தொல்லை உண்டு: எதிரொலி, விசில், குளோரின் வாடை. கூட்டம் இல்லாத நேரமாகக் கேட்டு வாங்குங்கள், வேளையையும் ஆளையும் மாற்றாதீர்கள்.

முதுகில் மிதக்க வந்துவிட்டதா, அப்புறம் தாராளமாக அலைக்கு அழைத்துப் போங்கள். நாங்களும் அந்த வரிசையில்தான் போனோம்.