எலிக்கு மருந்து வைக்க ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

சென்னைப் புறநகர் அடுக்ககம் ஒன்றில் எலித் தொல்லைக்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். முழுப் பணமும் முன்னாலேயே கட்டியாயிற்று. வந்த ஆள் அரைமணி நேரம்கூட இருக்கவில்லை. சமையல் மேடைக்கு அடியில் நாலு கம் பேட் (எலி வந்து ஒட்டிக்கொள்ளும் பசை அட்டை), ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பெயரில்லாத பொட்டலத்திலிருந்து சில கட்டிகள். "தின்னதும் தாகம் எடுத்து வெளிய ஓடிப்போய்ச் செத்துடும் சார், வீட்டுக்குள்ள நாத்தமே வராது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்த வாரமே சீலிங்கிலிருந்து பிண நாற்றம், பின்னாலேயே ஈ. செத்ததை எடுப்பது ஒப்பந்தத்தில் சேராது, தனிக் கட்டணம் என்று நிறுவனம் கைவிரித்தது. வேறு ஆளை வைத்துப் பலகையை அறுத்து எடுத்தார்கள். மாதம் திரும்புவதற்குள் மறுபடியும் எலி. ஏ.சி. குழாய் நுழையும் ஓட்டை வழியாகத்தான் அது வந்து போய்க்கொண்டிருந்தது. மருந்து வைத்தவர் அந்த ஓட்டையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. இந்தத் தொழிலில் ஏமாற்று வேலை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது.

முதலில் அந்தத் தாகப் பேச்சு. எந்த எலி மருந்தும் எலியை வீட்டைவிட்டு வெளியே அனுப்பாது. கடைகளில் கிடைக்கும் மெழுகுக் கேக்கில் இருப்பது பெரும்பாலும் புரோமாடியோலோன், 0.005 சதவீதம். அது இரத்தம் உறையாமல் செய்யும் மருந்து. தின்ற எலி மூன்று நாள் முதல் ஒரு வாரத்துக்குள் உள்ளுக்குள் இரத்தம் கசிந்து சோர்ந்து, தன் பொந்தில் போய்ப் படுத்துச் சாகும். அந்தப் பொந்து உங்கள் சீலிங்கில் இருந்தால் சீலிங்கில்தான் நாறும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் கேக்கை வீட்டுக்குள் வைப்பதே இல்லை. வெளிச் சுவரோரம், பூட்டிய பெட்டிக்குள், குழந்தையோ நாயோ எடுக்க முடியாதபடி திருகி வைப்பார்கள். அப்போதும், மருந்து தின்று தள்ளாடும் எலியைக் கூகை பிடித்துத் தின்றால் கூகையும் சாகக்கூடும்.

வந்தவர் எந்த எலி என்று பார்க்கிறாரா என்பதைக் கவனியுங்கள். புழுக்கை அரிசி அளவில் இருந்தால் சுண்டெலி. சுமார் 12 மில்லிமீட்டர் நீளத்தில் இருமுனையும் கூம்பியிருந்தால் வீட்டெலி; இது குழாயிலும் கேபிளிலும் ஏறி மேல்மாடிக்கு வரும். சுவரோரம் மண்ணைக் குவித்து வளை தோண்டியிருந்தால் பெருச்சாளி. கீச்சென்று கத்திக்கொண்டு சுவரை ஒட்டி ஓடி, கவிச்சி வாடை விட்டுப்போவது மூஞ்சூறு. அது எலி இனமே அல்ல. கரப்பானையும் பூச்சியையும் தின்கிற பிராணி. தானியத்தில் செய்த கேக்கைப் பெரும்பாலும் தொடாது. மூஞ்சூறு வரும் வீட்டில் மாதாமாதம் கேக் வைத்துப் பணம் வாங்குகிறவர்கள் உண்டு.

கம் பேட் எலியை உடனே கொல்வதில்லை. ஒட்டிக்கொண்ட எலி மணிக்கணக்கில் உயிரோடு கதறிக்கொண்டு கிடக்கும். அணிலும் பல்லியும் சிட்டுக்குருவியும்கூட மாட்டும். மாட்டிய அணிலைச் சமையல் எண்ணெய் தடவி மெல்லப் பிரித்து விடலாம். இழுத்தால் தோல் உரிந்துவிடும்.

இதுவரை சொன்னது பண நஷ்டம். இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது.

பெயரில்லாத பொட்டலத்தில் வரும் சாம்பல் நிற மாத்திரை அலுமினியம் பாஸ்பைடாக இருக்கலாம். தானியக் கிடங்குகளில் புகைமூட்டம் போடுவதற்கான மருந்து அது. தனியாருக்குச் சில்லறையில் விற்கவே கூடாது; பயிற்சி பெற்றவர்கள் மேற்பார்வையில் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது இந்திய விதி. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் வாயு கிளம்பும். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் பாஸ்பீன் விடும். பத்துக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயர அறையை மூடி வைத்தால் அந்த ஒரே மாத்திரையில் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 21 பங்கு வாயு சேரும். தொழிலாளர்கள் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்று வகுத்திருக்கும் அளவு 0.3 பங்கு. மூன்று மாத்திரை வைத்தால், உடனடி உயிராபத்து என்று குறித்திருக்கும் 50 பங்கையும் தாண்டிவிடும். ஸ்ப்ளிட் ஏ.சி. வெளிக்காற்றை எடுப்பதில்லை, அறைக் காற்றையே சுற்றிச் சுற்றி விடும். கதவைச் சாத்தி ஏ.சி. போட்டுத் தூங்குவது இதில் மிக ஆபத்தான நிலை.

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலித் தொல்லைக்காகத் தனியார் நிறுவனத்தார் மருந்து வைத்துப் போன வீட்டில் ஏ.சி. அறையில் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதற்குப் பிறகும் பெயர் கேட்காமல் மருந்து வைக்க விடுகிறோம் என்பது நெஞ்சைப் பதறவைக்கிறது.

மருந்து வைத்த வீட்டில் பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை அடித்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு வாந்தி, வயிற்றுவலி, தலைச்சுற்றல், நெஞ்சு இறுக்கம் வந்தாலோ, சாப்பாடு சேரவில்லை என்று இருந்துவிடாதீர்கள். எல்லோரும் உடனே வெளியேறுங்கள். போகிற வழியில் திறக்க முடிந்த கதவைத் திறந்துவிடுங்கள். மாத்திரையைத் தேடி உள்ளே போகாதீர்கள், அதன்மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் பட்டால் வாயு வேகமாகக் கிளம்பும், தீயும் பிடிக்கலாம். 108-ஐ அழைத்து, எலி மருந்து வைத்த வீடு என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பாஸ்பீனுக்கு முறிவு மருந்து கிடையாது. புரோமாடியோலோனுக்கு வைட்டமின் கே1 உண்டு. மருந்தின் பெயர் தெரிந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது போதும். 3 சதவீத மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசையைத் தமிழ்நாடு அரசு தடைசெய்துவிட்டது. யாராவது பசை ட்யூபை நீட்டினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஒழுங்காக வேலை செய்கிறவர் முதல் நாள் மருந்தையே வெளியே எடுக்க மாட்டார். டார்ச் அடித்து ஓட்டை தேடுவார். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும், பெரிய எலிக்கு 12. ஏ.சி. குழாய் ஓட்டை, சிங்க் கழிவுக் குழாய் தரையில் இறங்கும் இடம், கதவின் அடி இடுக்கு, குளியலறை எக்ஸாஸ்ட், வாஷிங் மெஷின் தண்ணீர் போகும் ஜாலி, இவைதான் வழக்கமான வழிகள். வெறும் ஃபோம் அடித்து மூடினால் ஒரே இரவில் கடித்துவிடும். கால் அங்குலக் கண் கொண்ட ஜி.ஐ. கம்பி வலையை மடித்துத் திணித்து, அதன்மேல் சிமென்ட் கலவை பூச வேண்டும். கதவடிக்கு அலுமினியப் பட்டை. மொட்டைமாடியைத் தொடும் கிளைகளை ஒரு மீட்டராவது தள்ளி வெட்ட வேண்டும். ஓட்டைகளை அடைத்த பிறகு உள்ளே மிஞ்சியதைப் பிடிக்கப் பொறியே போதும். தேங்காய்ச் சில்லோ கருவாடோ வைத்து, இரண்டு மூன்று நாள் பொறியின் விசையை இழுக்காமல் தின்னப் பழக்கிவிட்டுப் பிறகு இழுத்து வையுங்கள். அடிக்கும் பொறியானால் இரை வைக்கும் முனை சுவரைத் தொடும்படி குறுக்காக வைக்க வேண்டும். எலி பெரும்பாலும் சுவரை ஒட்டித்தான் ஓடும்.

காய்ந்த புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள். ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுங்கள். புழுக்கை கிடக்கும் இடத்தில் எலியின் சிறுநீரும் இருக்கும்; எலிக்காய்ச்சல் பெரும்பாலும் வருவது அதனால்தான்.

பணம் கொடுக்கும் முன் நிறுவனத்தின் உரிமத்தைக் கேளுங்கள். வீடு வீடாக மருந்து வைக்கும் தொழிலுக்கு 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். மருந்தின் பெயர், சதவீதம், எவ்வளவு, எந்த இடத்தில் என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் ஓட்டை அடைப்பதும் செத்ததை அகற்றுவதும் சேர்ந்திருக்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ரசீதையும் படங்களையும் வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் எண்ணில் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால், பிரச்சினை நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். வேலைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை.