மரத்துப்போன காலுக்கு அழுத்தம் அறியும் இன்சோல்: ஓராண்டுக்கு மேல் போட்டுப் பார்த்ததில்

இனிப்பு நீரால் (நீரிழிவால்) பாதம் மரத்துப் போனவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். காலில் உணர்ச்சி நன்றாக இருப்பவர்களுக்கு இந்தச் செலவு தேவையே இல்லை.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்) வேலை எனக்கு. காலையில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்தால் பிறகு பெரும்பாலும் பூட்ஸில்தான். கிளினிக்கில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க, 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்தினார்கள். பெருவிரலுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. மகள் இந்த இன்சோலை, அதாவது சப்பாத்துக்குள் பாதத்துக்கு அடியில் போடும் உள் அட்டையை, வாங்கி வந்தாள். ஒரு தீபாவளிக்கு முன் போட ஆரம்பித்தேன், அடுத்த தீபாவளியும் போய்விட்டது.

பாதத்தில் ஓர் இடம் தொடர்ந்து அழுந்தியே இருந்தால் கையில் கட்டிய கடிகாரம் அதிரும், எந்த இடம் என்றும் காட்டும். சுமார் 35 மில்லிமீட்டர் பாதரச அழுத்தமே தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களை நெரிக்கப் போதுமாம். நடக்கும்போது கால் தூக்குகிற ஒவ்வொரு முறையும் இரத்தம் திரும்ப ஓடிவிடுகிறது. நிற்கும்போது அது நடப்பதில்லை. எனக்கு வெயிலில் பிளாக் (தோட்டப் பகுதி) முழுக்க நடந்த நாளில் கடிகாரம் சும்மா இருந்தது. குலை எண்ணிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றபோதும், கல்யாணப் பந்தியில் பரிமாறியபோதும்தான் அதிர்ந்தது. மரத்த கால் வலித்துச் சொல்லாததை இது சொல்கிறது. அதிர்ந்தால் உடனே உட்கார்ந்து, இரண்டு மூன்று நிமிடம் பாதத்தைத் தரையில் ஊன்றாமல் வைத்துக்கொள்கிறேன். கிளினிக்கில் சீவிவிட்ட காய்ப்பு இப்போது முன்போல் சீக்கிரம் தடிப்பதில்லை. சப்பாத்தையும் மாற்றினேன் என்பதால் முழுப் பெயரையும் இன்சோலுக்கே கொடுக்க மாட்டேன்.

மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 2019-இல் தி லான்செட் டிஜிட்டல் ஹெல்த் மருத்துவ இதழில் எழுதியதை மகள் படித்துச் சொன்னாள். முன்பே காலில் புண் வந்து ஆறியவர்களை 18 மாதம் கவனித்திருக்கிறார்கள். எல்லாரும் போட்டது ஒரே வகை இன்சோல், ஆனால் ஒரு பிரிவினருக்கு மட்டும் எச்சரிக்கை வந்தது. அவர்களுக்குப் புண் 71 விழுக்காடு குறைவு. சிறிய ஆய்வுதான். ஆனாலும் எச்சரிக்கை வந்ததும் காலை மாற்றி வைத்தால்தான் பலன் என்பது எனக்கு அதில் தெளிவாகத் தெரிந்தது.

குறைகளும் உண்டு. மழைக்காலத்தில் பூட்ஸ் நனைந்தால் இதைக் கழற்றி வைக்க வேண்டியிருக்கிறது. தடிமனானது, பழைய உள் அட்டையை எடுத்துவிட்டு ஓர் அளவு பெரிய சப்பாத்து போட வேண்டியிருந்தது. தினமும் சார்ஜ் செய்ய வேண்டும். இடது குதிகால் பக்கத்தில் அழுத்தத்தை அறியும் உணரி கெட்டு, இப்போது நான் உட்கார்ந்திருந்தாலும் சிவப்பே காட்டுகிறது.

அதைவிடப் பெரிய விஷயம், இது பார்ப்பது அழுத்தத்தை மட்டும். பூட்ஸுக்குள் விழுந்த மட்டை முள்ளைச் சொல்லாது, தோல் உராய்ந்து கொப்பளிப்பதையும் சொல்லாது. வீட்டில் நாம் வெறுங்கால், கோயிலில் வெறுங்கால். மத்தியான வெயிலில் பிரகாரச் சிமெண்டு சுடுவது மரத்த காலுக்குத் தெரியாது, அங்கே இன்சோலும் இல்லை. அதனால் இரவில் மனைவி டார்ச் அடித்து என் பாதத்தைப் பார்ப்பதை ஒருநாளும் விட்டதில்லை.

வாங்க நினைப்பவர்கள் முதலில் அகலமான, ஆழமான சப்பாத்துக்குக் காசு ஒதுக்குங்கள். உணரி கெட்டால் அதை மட்டும் மாற்றித் தருவார்களா என்று கடையில் கேட்டுவிட்டு, கிளினிக்கில் காலைக் காட்டிய பிறகு இதை வாங்குங்கள்.