சென்னைத் தெருவுக்கு எது சரி: கிட்டிப்புள்ளா, கிரிக்கெட்டா?

பிள்ளைகளுக்கு எதைப் பழக்கலாம் என்று யோசிப்பவர்களுக்காக இது.

செலவு: கிட்டிப்புள்ளுக்குக் காசே வேண்டாம், ஒரு கொய்யாக் கிளை போதும்: அடிக்கும் நீளக் குச்சி கிட்டி, அடிபட்டுப் பறக்கும் சின்னக் குச்சி புள். கிரிக்கெட்டுக்கு மட்டையும் டென்னிஸ் பந்தும் வாங்கவேண்டும். பந்து அடிக்கடி தொலையும்.

இடம்: கிட்டிப்புள்ளுக்குத் திறந்தவெளி வேண்டும். கிரிக்கெட்டோ சந்துக்குத் தக்கபடி மாறிக்கொண்டது. சுவரில் கரியால் இழுத்த மூன்று கோடுதான் ஸ்டம்ப். பந்து மாடிக்குப் போனால் அவுட். ஒரு பிட்ச் பட்டதை ஒற்றைக் கையில் பிடித்தாலும் அவுட். இத்தனை விதிகளையும் பிள்ளைகளே வகுத்தார்கள் என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம்.

ஆபத்து: இருமுனையும் சீவிய புள் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

ஆள் நடமாட்டமுள்ள தெரு என்றால் கிரிக்கெட்தான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, அறுவடை முடிந்த வயலில் கிட்டிப்புள் ஆடட்டும். தாத்தாவே புள்ளைச் சீவிக் கொடுப்பார். அது போய் விழுந்த தூரத்தைக் கிட்டியாலேயே அளக்கவும் சொல்லித்தருவார்.